பால்வாடி எந்தத் தெருவில் இருக்கு?

(திண்டுக்கல்லில் நடந்த பெண்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். வன்கொடுமை வழக்குகள் கோர்ட்டில் எப்படி நீர்த்துப் போகின்றன என்று பேசினார்கள். எல்லாம் பெரிய பெரிய விஷயங்கள். நான் பேசப் போறது மூக்கொழுகுற பிள்ளைகளைப் பத்தி. இது சின்ன விஷயம்னு நினைக்கிற ஆம்பளைத் தோழர்கள் போய் டீ குடிச்சிட்டு வரலாம். திரும்பி வரும்போது வெளியே அழுதுக்கிட்டிருக்கிற பிள்ளைகள்ல ஒண்ணைத் தூக்கிட்டு வந்தா, அதோட ஆத்தா இங்க உக்காந்து நிம்மதியாக் கேப்பா.

நான் படிச்சது எட்டாவது. பால்வாடியில் ஆயாவா முப்பது வருசத்துக்கு மேல வேலை பார்த்தேன். கவர்மெண்டு பாசையில் 'அங்கன்வாடி உதவியாளர்'. சாதியில் அருந்ததியர். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, பின்னால சொல்லப் போற கதைக்கு அது வேணும்.

முதல்ல இந்தப் பேரைப் பத்தி ஒரு வார்த்தை. பால்வாடின்னா பால் ஊத்துற எடம்னு எங்க சனங்க நினைச்சுக்கிட்டாக. அந்தக் காலத்தில் பால் பவுடரைக் கரைச்சு ஊத்தினதும் உண்மைதான். ஆனா அந்தச் சொல் வடக்கேயிருந்து வந்தது. அங்கே 'பால்' என்றால் குழந்தை, 'வாடி' என்றால் தோட்டம். குழந்தைத் தோட்டம். இன்னொரு சொல் அங்கன்வாடி. 'அங்கன்' என்றால் வீட்டு முற்றம். நம்ம திண்டுக்கல் பக்கம் அங்கணம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும், பாத்திரம் கழுவுற எடம், தண்ணி ஓடுற குழி. பல ஊர்கள்ல எங்களுக்கு மையம் கட்ட ஒதுக்கின எடத்தைப் போய்ப் பார்த்தா நம்ம ஊர் அர்த்தம்தான் பொருந்தும். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் கருவேலமரம்.

ஆனால் அந்தச் சொல் பிறந்த கதையை நம்ம ஆட்கள் தெரிஞ்சுக்கணும். 1945இல் பம்பாய் மாகாணத்தில், கடற்கரையோரம் போர்டி என்கிற ஊரில், தாராபாய் மோடக் என்கிற அம்மா சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாலர் பள்ளி நடத்த ஆரம்பித்தார். அனுதாய் வாக் என்கிற அம்மா அவருக்குத் துணை. ஊர்ப் பிள்ளைகள் வந்தன. சேரிப் பிள்ளைகளும், வார்லி ஆதிவாசிப் பிள்ளைகளும் வரவில்லை. ஏன் வரல? நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்போ அவுக என்ன பண்ணினாக? பிள்ளை பள்ளிக்கு வரலைன்னா பள்ளி பிள்ளைகிட்டப் போகட்டும்னு பலகையையும் பொம்மையையும் தூக்கிக்கிட்டு சேரிக்குள்ள நடந்து போனாக. சேரி வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாக. முற்றத்தில் நடந்ததால் அங்கன்வாடி.

அதாவது தோழர்களே, அங்கன்வாடி என்கிற ஏற்பாடே சேரிக்குள் வந்ததால்தான் அங்கன்வாடி. அதுதான் அதோட பிறப்பு ரகசியம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி இந்திய அரசு நாடு முழுக்க 33 வட்டாரங்களில் 'ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்' தொடங்கியபோது அந்தப் பேரை எடுத்துக்கிட்டாக. பேரை எடுத்தவுக முற்றத்தை எடுக்கல. மையம் ஊர்த்தெருவில், பிள்ளையார் கோயில் பக்கத்தில், சாவடியில், மந்தையில் வந்தது. சேரிப் பிள்ளை நடந்து வரணும்னு ஆச்சு. கதை அப்படியே தலைகீழாப் போச்சு.

இதுக்கும் முன்னால ஒரு வரலாறு இருக்கு. 1863இல் புனேயில் சாவித்திரிபாய் பூலேயும் ஜோதிராவ் பூலேயும் தங்கள் வீட்டையே குழந்தைகள் காப்பகமாக்கினார்கள். பார்ப்பன விதவைகள் கர்ப்பமானால் ஒன்று அவர்கள் சாகணும், இல்லை பிறந்த சிசு சாகணும் என்றிருந்த காலம் அது. வந்து பிரசவம் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளையை விட்டுட்டும் போகலாம் என்று எழுதி ஒட்டினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றைத் தங்கள் மகனாகவே வளர்த்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவள் தன்னை ஒடுக்கியவன் வீட்டுப் பெண்ணுக்குப் பேறு பார்த்தாள். சென்னையில் 1894இல் அயோத்திதாசப் பண்டிதரின் முயற்சியில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கினார். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாதென்று 1956இல் காமராஜர் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். நம் பிள்ளைகளைப் பெற்றவளுக்கு அது எப்பவோ தெரியும். அதிகாரத்தில் இருக்கிற ஒருத்தருக்கு அது உறைச்சது பெரிய விஷயம்தான், நான் மறுக்கல.

பாபாசாகேப் அம்பேத்கரையும் இதில் சேர்க்கணும். அவரை அரசியல் சட்டப் புத்தகத்தோடயே சிலை வைத்துவிட்டோம். 1928இல் பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்குப் பேறுகாலச் சலுகை தரும் மசோதா வந்தபோது அவர் எழுந்து ஆதரித்துப் பேசினார். ஒரு தாய் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வெடுப்பது அவள் சொந்த விவகாரமல்ல, நாட்டுக்கே நன்மை, அதனால் அந்தச் செலவில் அரசும் பங்கு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளை வளர்ப்பு பொதுக்காரியம் என்று சொல்ற தலைவரை வச்சுக்கிட்டு, நாம இன்னமும் அதைப் பொம்பளை வேலைன்னு ஒதுக்குறோம்.

இப்ப நம்ம மண்ணுக்கு வாங்க. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அதுவரைக்கும் நாம மதுரை ஜில்லா. இந்தப் பக்கம் பிள்ளை வளர்ப்பை ஒரு பொதுக்காரியமா முதல்ல நடத்தினது சின்னாளபட்டியை ஒட்டின காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயசிலேயே விதவையானவர். டெல்லி போய் டாக்டருக்குப் படித்தார். 1940இல் கேரளத்துக்காரரான ஜி. ராமச்சந்திரனைச் சாதி பார்க்காமல் மறுமணம் செய்துகொண்டார். 1944இல் கஸ்தூரிபாய் இறந்த பிறகு அவர் பேரில் வந்த அறக்கட்டளைக்குத் தென்னாட்டுப் பொறுப்பை காந்தி இவரிடம் கொடுத்தார். 1947 அக்டோபரில் காந்திகிராமம் தொடங்கியது. சின்ன மருத்துவ நிலையமாக ஆரம்பித்ததுதான் இன்று கஸ்தூரிபா மருத்துவமனையாக நிற்கிறது. பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு சௌபாக்கிய இல்லம். கிராமத்துப் பெண்களைச் சேவிகைகளாகப் பழக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். ஆத்தூர்த் தொகுதியிலும் பிறகு வேடசந்தூர்த் தொகுதியிலும் ஜெயித்து சட்டசபைக்குப் போனார் சௌந்தரம் அம்மா. 1962இல் திண்டுக்கல் எம்.பி., அப்புறம் மத்தியக் கல்வித் துணை அமைச்சர்.

காந்தியாரோடு நமக்குள்ள கணக்கு வேற. பூனா ஒப்பந்தக் கணக்கு இன்னும் தீரல. அரிசனம் என்கிற பேரை நாம ஏத்துக்கல. ஆனாலும் எங்கம்மா என் தம்பியை உசிரோட பெத்தெடுத்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். தீட்டுப் பார்க்காமத் தொட்டுப் பிரசவம் பார்த்தாக. அதை நான் மறைக்க மாட்டேன். என் கேள்வி வேற எடத்தில் இருக்கு. ஆசிரமத்துக்குள்ள எல்லாப் பிள்ளையும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுச்சு. வேலிக்கு வெளியே? சேவிகை ஊருக்குள்ள போனா, மாதர் சங்கம்னு ஒண்ணு கூட்டுவா. சங்கத் தலைவி பெரிய வீட்டு அம்மாவா இருப்பா. பாலர் பள்ளி அந்தம்மா வீட்டுத் திண்ணையில் நடக்கும். அந்தத் திண்ணையில் எங்க பிள்ளை எப்படி ஏறும்? சேவை செய்ய வந்தவுகளுக்கு ஊரோட ஒத்துழைப்பு வேணும். ஊருன்னா யாரு? அங்கதான் சேவை நின்னு போகுது.

1980இல் இன்னொண்ணு வந்தது. உலக வங்கிக் கடனில் 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்'. மதுரை ஜில்லாவில் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் முதல்ல பரீட்சை பார்த்தாக. அப்புறம் நம்ம ஒன்றியங்களுக்கு வந்தது. மூணு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மாசா மாசம் தராசில் தொங்கவிட்டு எடை போட்டு, ஒரு அட்டையில் கோடு போடுவாக. கோடு ஏறினா சரி. இறங்கினா அந்தப் பிள்ளைக்கு மட்டும் மூணு மாசத்துக்குச் சத்துருண்டை. ஏறிட்டா நிறுத்திருவாக. படிச்சவுக இதைப் பெரிய வெற்றின்னு சொன்னாக. நல்ல திட்டம்தான். எடை போட்டதால்தான் எங்க தெருப் பிள்ளைக எவ்வளவு இளைச்சுக் கிடக்குன்னு காகிதத்தில் ஏறிச்சு. அதுவரைக்கும் 'சக்கிலியப் பிள்ளை அப்படித்தான் இருக்கும்'னு விட்டாக. ஆனா எங்க தெருத் தாய்மார்க ஒண்ணு கேட்டாக: இறங்கின பிள்ளைக்கு உருண்டை, ஏறின பிள்ளைக்கு இல்லைன்னா, ஏறின பிள்ளை மறுபடி இறங்கணுமா? வீட்டில் இருக்கிறது ஒரு கஞ்சிச் சட்டி. உருண்டை வாங்கின பிள்ளைக்கு அன்னைக்குக் கஞ்சி கொறையும். இந்தக் கணக்கு உலக வங்கிக் கணக்கில் வராது.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டு வந்தார். இரண்டு வயசுக்கு மேல் உள்ள பால்வாடிப் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளுமாக 60 லட்சத்துக்கும் மேல். வருசம் பூராவும் சோறு. அதோட விதவைகள், கைவிடப்பட்ட பெண்கள் எத்தனையோ பேருக்கு வேலை. அரசாங்கம் திவாலாயிரும்னு எழுதினவுக இருந்தாக. ஒண்ணும் ஆகல. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. முட்டை வந்த அன்னைக்கு எங்க தெருவில் ஒரு பிள்ளை அதைத் தின்னாம டவுசர் பைக்குள்ள வச்சுக்கிட்டுத் தங்கச்சிக்குக் கொண்டு போனான். வீடு போறதுக்குள்ள நசுங்கிப் போச்சு. அவன் அழுத அழுகையை எந்தச் சட்டசபையும் கேட்டிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை கிடைச்சது. ஊர்ப் பேர் வேண்டாம். நம்ம ஜில்லாவில் இந்தச் சமவெளியில் உள்ள எந்த ஊரையும் நீங்க போட்டுக்கலாம். நிலக்கடலை, வெங்காயம், கொஞ்சம் கெணத்துப் பாசனம், தள்ளி ஒரு பஞ்சு மில். மையம் ஊர் மந்தையில். டீச்சர் ஊர்க்காரவுக. ஆயான்னா சமைக்கணும், அதுதான் உத்தரவு. நான் பதினோரு வருசம் அந்த மையத்தில் அடுப்புப் பக்கம் போனதில்லை. டீச்சரே ஆக்குவாக. நான் கூட்டுறது, தண்ணி தூக்குறது, பீ அள்ளுறது, பாத்திரம் விளக்குறது. விளக்கின பாத்திரத்தை அவுக மறுபடி தண்ணி தெளிச்சு எடுப்பாக. பதிவேட்டில் என்னைச் சமையல் பண்றதா எழுதியிருக்கும். கையெழுத்து நான்தான் போட்டேன். ஆபீசர் வந்தா அன்னைக்கு மட்டும் என்னை அடுப்புகிட்ட நிக்கச் சொல்வாக.

ஊர்ப் பிள்ளைக உள்ளே பாயில். எங்க பிள்ளைக வாசல் திண்ணையில். யாரும் போய் உக்காருன்னு சொல்லல. பிள்ளைகளே போய் உக்காந்துச்சுக. மூணு வயசுப் பிள்ளைக்கு அதோட எடம் எதுன்னு யார் சொல்லிக் கொடுத்தா? அதைத்தான் நான் ராத்திரியெல்லாம் யோசிப்பேன். ஊர்ப் பிள்ளைகள்ல பாதி சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போயிரும். சத்துமாவுப் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கிடுவாக. அதில் தீட்டு இல்லை. ஒட்டியிருக்குல்ல.

இன்னொண்ணு பாசை. எங்க வீடுகள்ல தெலுங்கு. இரண்டரை வயசுப் பிள்ளை தாகத்துக்கு 'நீள்ளு, நீள்ளு'ன்னு கேட்கும். டீச்சருக்குப் புரியாது. புரிஞ்சாலும் புரியாத மாதிரி இருப்பாக. 'தமிழ்ல கேளு'ம்பாக. பிள்ளை பேசுறதையே நிறுத்திரும். அறிக்கையில் 'மந்தமான குழந்தை'ன்னு எழுதுவாக. இது தமிழ்நாட்டில் எத்தனை மையத்தில் நடக்குதோ. நம்ம இயக்கத் தோழர்களே இதைப் பத்திப் பேசி நான் கேட்டதில்லை.

2003இல் ஐந்து மாநிலங்களில் 500க்கும் மேற்பட்ட கிராமங்களில் இந்திய தலித் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தது. சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் எழுதினார்கள். மதிய உணவு எந்தத் தெருவில் போடுறாக, யார் சமைக்கிறாக என்று போய்ப் பார்த்தாக. சேரிக்குள் மையம் இருப்பது நம் மாநிலத்தில் மிகக் குறைவு. சமைக்க தலித் பெண் வந்தால் எதிர்ப்பு. பெரியார் பிறந்த மண்ணுன்னு மேடையில் சொல்வோம்ல, அந்த மண்ணு. 2018இல் திருப்பூர் ஜில்லாவில் ஒரு பள்ளியில் சமைக்க வந்த அருந்ததியர் அம்மாவை ஊர் திரண்டு தடுத்தது. அதிகாரி ஊரைக் கண்டிக்காம அந்தம்மாவை மாத்தினார். போராட்டம் நடந்த பிறகுதான் உத்தரவு ரத்தாச்சு, வழக்கும் பதிவாச்சு. பேப்பர்ல வந்ததால தெரியுது.

இனி நான் சொல்ல வந்த கதை. அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் வந்தது. அதையொட்டி ஊர் ஊருக்கு நம்ம இளைஞர்கள் மன்றம் கட்டினாங்க. எங்க காலனியிலும் ஒரு மன்றம், நாலு சுவர், மேலே ஓடு, சுவத்தில் பாபாசாகேப் படம். ராத்திரி பையன்களுக்கு இரவுப் பள்ளி. பகல்ல கேரம்போர்டு. களை எடுப்பு நேரத்தில் பொம்பளைக விடியக்காலை ஆறு மணிக்கே கெளம்பணும். பால்வாடி தெறக்குறது ஒன்பது, பத்து மணி. மூணு நாலு மணிக்கு மூடிருவாக. அவுக காட்டை விட்டு வர சாயங்காலம் ஆயிரும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கிறவுக இன்னும் மோசம், நடுராத்திரி கழிஞ்சதும் தலையில் விளக்கைக் கட்டிக்கிட்டுப் போகணும். திண்டுக்கல் டவுனுக்குள்ள குப்பை அள்ளுற எங்க சனம் விடியுமுன்னே தெருவுக்கு வந்திரணும். தோல் ஷாப்புக்குப் போறவுக, மில்லுக்குப் போறவுக, யாரோட நேரமும் பால்வாடி நேரத்தோட ஒட்டாது. அதோட இரண்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மாவுப் பாக்கெட்டு மட்டும்தான் உண்டு. பார்த்துக்கிற ஆள் கிடையாது. அப்போ கைப்பிள்ளையை யார் பார்க்கிறது? எட்டு வயசு அக்கா. அவ பள்ளிக்கூடம் நின்னு போகும். நம்ம பொம்பளைப் பிள்ளைக படிப்பு நின்னதுக்கு ஆயிரம் காரணம் ஆராய்ச்சி பண்றாக. பாதிக்கு மேல இடுப்புல உக்காந்திருக்கு.

எங்க காலனிப் பொம்பளைக பதினாலு பேர் மன்றத்தைப் பகல்ல எங்களுக்குக் கொடுன்னு கேட்டோம். கேரம்போர்டுக்காரங்களோட இரண்டு மாசம் சண்டை. அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைக மூத்திரம் பேயும்னு ஒரு தம்பி கோவிச்சான். பாபாசாகேப் அஞ்சு பிள்ளை பெத்து நாலைப் பறிகொடுத்தவரு, அவருக்கு ஒண்ணும் கோவம் வராதுன்னு நான் சொன்னேன். சாவியைக் கொடுத்தாங்க.

பிள்ளை பார்க்க இரண்டு கிழவிகளைப் பேசினோம். ஒவ்வொரு வீடும் ஒரு நாளைக்கு ஒரு பிடி அரிசியோ கம்போ, வாரத்துக்கு இரண்டு ரூபா. பழைய சேலையில் நாலு தொட்டில். பாதி நாள் கேப்பைக் கூழ், பாதி நாள் கஞ்சி, கிடைச்சா முருங்கைக் கீரை. காலை ஆறுக்குத் தெறந்தா இருட்டினப்புறம்தான் மூடுவோம். சங்கம்னு பேர் வைக்கல, ரசீதுப் புத்தகம் கிடையாது. ஒரு நோட்டில் பேரும் பிடியும் எழுதினோம்.

பிரச்சினை எங்க வந்ததுன்னு நினைக்கிறீங்க? ஊர்க்காரன் கல்லெறிஞ்சானா? இல்லை. அந்த இரண்டு கிழவிகள்ல கூழ் காய்ச்சினவ எங்க தெருக்காரி, அருந்ததியர். காலனியில் பெரும்பாலான வீடு வேற சாதி, தலித்தான். எங்க தெரு காலனிக்கும் கடைசி. நாலாவது நாளே மூணு வீட்டுப் பிள்ளைக வரல. கேட்டா காய்ச்சல்னாக. அப்புறம் ஒரு அக்கா முகத்துக்கு நேராச் சொன்னா: 'நீங்க பிள்ளையைப் பாருங்க, நாங்க காய்ச்சுறோம்.' இதே வார்த்தையை நான் பதினோரு வருசம் மந்தை மையத்தில் கேட்டவ. அங்க கேட்டப்ப எரிஞ்சது. இங்க கேட்டப்ப வயித்துக்குள்ள என்னமோ அறுந்து விழுந்தது.

மன்றத்தில் கூட்டம் போட்டோம். இயக்கத் தோழர் ஒருத்தர் வந்தார். நாமெல்லாம் ஒண்ணு, எதிரி வெளியே இருக்கான், இதைப் பெரிசாக்க வேண்டாம்னார். நல்லவர்தான். எங்க கிழவி எந்திரிச்சா. 'தம்பி, எதிரி எங்க வேணா இருக்கட்டும், கூழை யாரு காய்ச்சுறது, அதைச் சொல்லு'ன்னா. அவருக்குப் பதில் வரல. கடைசியில் பிள்ளை பெத்த பொம்பளைகளே முடிவு பண்ணினாக. காய்ச்சுறவளை மாத்துறது இல்லை. வேண்டாங்கிறவுக பிள்ளையை வீட்டில் வச்சுக்கலாம். கடலை பறிப்பு ஆரம்பிச்சது. இரண்டு வீட்டுப் பிள்ளைக வந்துருச்சுக. புரட்சி எல்லாம் இல்லை, கூலி போயிரும்னு வந்தாக. ஒரு வீடு கடைசி வரைக்கும் வரல. அந்த வீட்டு மூத்த பொண்ணு அஞ்சாவதோட நின்னுட்டா. இப்ப அவ மகளும் பேத்தியும் இருக்காக. எங்களைப் பார்த்தாச் சிரிப்பா.

நம்மைப் பிரிச்சுப் பேசுறேன்னு சில பேர் முகம் சுளிக்கிறது தெரியுது. 2009இல் அருந்ததியருக்கு மூணு சதவீத உள் ஒதுக்கீடு வந்தப்பவும் இதே முகம்தான். ஒத்துமைன்னா பிள்ளைக ஒரே சட்டியில் கூழ் குடிக்கணும். குடிச்ச பிறகு ஒத்துமையைப் பத்திப் பேசுவோம்.

இது ஏழெட்டு வருசம் ஓடிச்சு. நடுவுல கிழவிகள்ல ஒருத்தி செத்துப்போனா. மழையில்லாத வருசம் பிடி அரிசி வரல, மூணு மாசம் மூடிட்டோம். அப்புறம் மறுபடி தெறந்தோம்.

உச்ச நீதிமன்றத்தில் 2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உணவு உரிமை வழக்கு போட்டது. குடோன்ல தானியம் மக்குது, சனம் பட்டினியில் சாகுது என்கிற வழக்கு. அதில் 2004 அக்டோபரில் ஒரு உத்தரவு, அங்கன்வாடி மையங்கள் தலித், ஆதிவாசிக் குடியிருப்புகளில் முன்னுரிமையோடு தெறக்கப்படணும்னு. 2006 டிசம்பர் 13இல் இன்னொரு உத்தரவு. ஒரு குடியிருப்பில் ஆறு வயசுக்குக் கீழே நாப்பது பிள்ளைக இருந்து மையம் இல்லைன்னா, அந்தச் சனம் கேட்ட மூணு மாசத்துக்குள்ள தெறந்து கொடுக்கணும். கேட்டால் கொடுக்கணும். இந்த வரியை எங்களுக்கு ஒரு வக்கீல் தோழர் தமிழ்ல எழுதிக் கொடுத்தார். நாங்க அதை நகல் எடுத்து வச்சுக்கிட்டோம். எங்க கையில் ஏற்கெனவே அந்த நோட்டு இருந்தது. பிள்ளை பேர், வயசு, ஆத்தா பேர், பிடி. மன்றத்துக்காக எழுதின அந்த நோட்டுதான் சாட்சியாச்சு. திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு மூணு தடவை போனோம். மூணாவது தடவை பிள்ளைகளையும் தூக்கிட்டுப் போனோம். கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் நாப்பத்திமூணு பிள்ளைக. அங்க இருந்தவுகளுக்கு மூத்திர உரிமைன்னா என்னன்னு தெரிஞ்சது. அடுத்த வருசம் காலனிக்குள்ள மையம் வந்தது. நான் அங்க மாத்தல் கேட்டு வந்து ஓய்வு பெறுற வரைக்கும் ஆக்கிப் போட்டேன். ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பிள்ளைக வந்துச்சுக, எங்க டீச்சர் நல்லாப் பாட்டுச் சொல்லிக் கொடுக்குதுன்னு. சாப்பாட்டு நேரத்திலும் இருந்துச்சுக. அதை நான் பெரிசாச் சொல்லிக்கிடல. பெரிசாச் சொன்னா நின்னுபோகும்.

வேலை பார்க்கிறவளோட கதையையும் சொல்லணும். 1975இல் அங்கன்வாடி டீச்சருக்கு மாசம் 100 ரூபா, பத்தாவது படிச்சிருந்தா 150. ஆயாவுக்கு 35. அதுக்குச் சம்பளம்னு பேர் இல்லை, மதிப்பூதியம். மதிப்பு இருந்தது, ஊதியம்தான் இல்லை. 2006இல் உச்ச நீதிமன்றமே இவுக அரசு ஊழியர் இல்லைன்னு சொன்னது, கர்நாடகா வழக்கில். பொம்பளை பிள்ளை வளர்க்கிறது சேவைதானே என்கிற நெனப்பு நீதிபதி வரைக்கும் போகும். குஜராத் பெண்கள் போட்ட வழக்கில் 2022 ஏப்ரலில், பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டில் காலமுறை ஊதியம் வந்தது சங்கம் கட்டித் தெருவில் உக்காந்ததால். எங்கிட்ட எடை போடு, தடுப்பூசிக்குக் கூட்டிட்டு வா, வாக்காளர் பட்டியல் எடு, செல்போன்ல பதிவு பண்ணுன்னு எல்லா வேலையும் வரும். பிள்ளையோட உக்காந்து விளையாட நேரம் எங்கே?

இன்னைக்குத் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல மையம் இருக்கு. 2019 ஜனவரியில் 2,381 மையங்கள்ல எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினாங்க. அது வேணும், நம்ம பிள்ளையும் நாலு எழுத்து படிக்கட்டும். ஆனா மூணு வயசுக்குக் கீழே? 1948ஆம் வருசத் தொழிற்சாலைச் சட்டத்தில், 48ஆம் பிரிவில், முப்பது பெண்களுக்கு மேல வேலை பார்த்தா குழந்தைகள் காப்பகம் வைக்கணும்னு இருந்தது. வேடசந்தூர் ரோட்டிலும் நத்தம் ரோட்டிலும் பஞ்சு மில்களைப் பாருங்க. கல்யாணம் ஆகாத பிள்ளைகளா எடுத்து விடுதியில் அடைச்சாக. காப்பகம் எதுக்குன்னு கேள்வியே வராது. நூறுநாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தப்ப, வேலை நடக்கிற எடத்தில் ஆறு வயசுக்குக் கீழே அஞ்சு பிள்ளை இருந்தா ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்க வைக்கணும், அவளுக்கும் அதே கூலின்னு எழுதியிருந்தாக. கண்மாய்க் கரையில் பிள்ளை பார்க்க ஒரு ஆளை நிறுத்தின ஊர் இந்தக் கூட்டத்தில் எத்தனை? கை தூக்குங்க. ஒண்ணு. அந்த அக்கா பின்னால நிக்கிறாக. அவுககிட்ட எப்படி வாங்கினீங்கன்னு எல்லாரும் கேட்டுட்டுப் போங்க.

டெல்லியிலிருந்து 2022இல் 'பால்னா'ன்னு ஒரு திட்டம் வந்தது. அங்கன்வாடியோட சேர்த்துக் கைப்பிள்ளைக் காப்பகம். பால்னான்னா தொட்டில். பேர் மறுபடி வடக்கேயிருந்து வருது. வரட்டும். தொட்டில்னா நமக்கு 1992 தொட்டில் குழந்தைத் திட்டம்தான் ஞாபகம் வரும். வேண்டாத பொம்பளைப் பிள்ளையைப் போட்டுட்டுப் போக வச்ச தொட்டில். 2001இல் நம்ம ஜில்லாவுக்கும் வந்தது. இப்ப நாம கேக்கிறது வேண்டிப் பெத்த பிள்ளைக்குத் தொட்டில். அதுவும் காலனிக்குள்ள, காலை ஆறு மணிக்குத் தெறக்கிற தொட்டில். டவுனுக்குள்ள துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகள்ல விடியுமுன்னே தெறக்கணும். பூப்பறிக்கிற ஊர்ல நடுராத்திரிக்கு ஆள் இருக்கணும். காசு எங்கேம்பாக. அந்தக் கிழவிகளுக்கு நாங்க கொடுத்தது ஒரு பிடி கம்பு. இவ்வளவு பெரிய கவர்மெண்டுக்கு எத்தனை பிடி ஆகும்னு அவுகளே கணக்குப் போடட்டும்.

வர்ற திங்கள்கிழமை குறைதீர் நாளுக்குப் போறோம். அதோ அந்த மேசையில் நோட்டு இருக்கு. அவுங்கவுங்க தெருவில் ஆறு வயசுக்குக் கீழே எத்தனை பிள்ளை, மையம் எந்தத் தெருவில், எத்தனை மணிக்குத் தெறக்குது, ஆக்குறது யாரு, இந்த நாலை மட்டும் எழுதணும். எழுதத் தெரியாதவுக சொல்லுங்க, தம்பிக எழுதுவாங்க. டீ குடிக்கப் போன தோழர்கள் வந்துட்டாங்கன்னா அவங்களையும் எழுத உக்கார வைங்க. பிள்ளையை மடியில் வச்சுக்கிட்டே எழுதலாம்.